இரண்டுக்கும் இரண்டரைக்கும் நடுவே

இவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பார்த்ததே இல்லை என்று சாதித்தாலும் பரவாயில்லை; அவர் உங்களைப் பார்த்திருப்பார். எத்தனை மணிக்குப் பார்த்தார், அந்த நேரத்தில் நீங்கள் இருக்க வேண்டிய இடம் எது, இருந்த இடம் எது என்று குறித்தும் வைத்திருப்பார்.

வேலை நேரத்தில் வேலை செய்யாதவனைத் தேடிப் பிடிக்கிற ஆசாமிகள் எங்கும் உண்டு. அவர்களை நான் சொல்லவில்லை. நான் சொல்லப்போகிற ரகம் கொஞ்சம் அபூர்வம். வேலை நேரம் அல்லாத நேரத்தில் வேலை நடந்துவிட்டதே என்று பதறுகிற ரகம் இது. சோம்பேறியைக் கண்டால் இவர்களுக்குக் கோபமே வராது. சோம்பேறிக்கென்று தாளில் ஒரு பத்தி ஒதுக்கியிருப்பார்கள், அவன் சமர்த்தாக அதற்குள் படுத்துக்கொள்வான். ஆனால் யாரும் கேட்காமலே ஒருத்தர் ஒரு காரியத்தைச் செய்து வைத்துவிட்டால் போச்சு, இவர்களுக்குத் தூக்கம் போய்விடும். யார் சொன்னது? எப்போது சொன்னது? எந்தத் தாளில்?

இந்த ரகத்தின் கலப்படமில்லாத மாதிரி ஒருவரோடு நான் பதினொரு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே வேலை பார்த்தேன். பாட்டில் மூடி செய்கிற தொழிற்சாலை. நான் ஸ்டோர் கீப்பர். அவர் உற்பத்தி ஆய்வு அதிகாரி. போதாக்குறைக்கு அவர் மனைவி என் மனைவிக்கு ஒன்றுவிட்ட தங்கை. ஆகவே தொழிற்சாலையில் அவர் எனக்கு சார், வீட்டில் சகலை. இந்த இரட்டை உறவால் எனக்குக் கிடைத்த லாபம் ஒன்றுதான்: அவர் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிதான் என்பது எனக்குத் திட்டவட்டமாகத் தெரியும்.

தொழிலாளர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘கட்டம் சார்’. எதைக் கொடுத்தாலும் கட்டம் போட்டு அதற்குள் எழுதுவார் என்பது ஒரு காரணம். அவர் தாளோடு நடந்து வந்தால் அன்றைக்கு யாரையோ கட்டம் கட்டப்போகிறார் என்பது இன்னொரு காரணம். நீங்கள் வணக்கம் சொன்னால் முதலில் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். பார்த்துவிட்டுத்தான் அது காலை வணக்கமா, மதிய வணக்கமா என்று முடிவுசெய்து திருப்பித் தருவார். டைப்பிஸ்ட் அம்மா ஒரு தடவை தன் மகள் பரீட்சையில் தேறிய சந்தோஷத்தில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார். கட்டம் சார் ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று யோசித்தார்.

“இது எதுல வரும்?”

“வாயில போகும் சார்” என்றார் டைப்பிஸ்ட் அம்மா.

இப்படிப்பட்டவர் கையில் ஒரு புதுக் கருவி கிடைத்தால் என்ன ஆகும்? கிடைத்தது. ஒவ்வொரு மெஷினிலும் ஒரு மீட்டர் மாட்டினார்கள். மெஷின் எந்த நிமிஷத்தில் வாய் திறந்தது, எத்தனை மூடி துப்பியது என்று அது ஒன்றுவிடாமல் எழுதிவைக்கும். ஒரு வாரம் ஓடவிட்டு, அந்த வாரத்துத் தாள்களை எல்லாம் சனிக்கிழமை வீட்டுக்கு எடுத்துப்போனார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேஜை முழுக்கப் பரப்பிவைத்து, நாலு கலர் பேனாவோடு குனிந்து உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி தட்டு வைக்க இடம் தேடிப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்:

“என்னங்க, இன்னைக்கு லீவுதானே? இப்ப நீங்க பண்றது எதுல வரும்?”

அவர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டாராம். அடுத்த அரை மணி நேரத்தில் இந்தச் செய்தி என் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

திங்கட்கிழமை என் ஸ்டோர் ஜன்னலில் அவர் முகம் தெரிந்தது. வேட்டை கிடைத்த முகம். தாளை உள்ளே நீட்டினார். பச்சைக் கட்டங்களுக்கு நடுவே ஒரே வரிசையில் சிவப்பாக ஆறு கட்டங்கள், நாளுக்கு ஒன்று.

“பாத்தீங்களா?”

“என்ன சார் இது?”

“மூணாம் நம்பர் மெஷின். முதல் ஷிஃப்ட் ரெண்டு மணிக்கு முடியுது. அடுத்த ஷிஃப்ட் ரெண்டரைக்கு ஆரம்பிக்குது. நடுவுல ஷிஃப்டே கிடையாது. ஷிஃப்டே இல்லாத நேரத்துல ஆயிரத்து இருநூறு மூடி! ஒருநாள் இல்ல, தினமும்!”

“நல்லதுதானே சார்.”

காய்ச்சல் அடிப்பது நல்லதுதானே என்று கேட்ட நோயாளியை டாக்டர் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

இங்கே ஒன்றை உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஆயிரத்து இருநூறு மூடியும் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். என் ஜன்னலுக்கு நேரெதிரே இருப்பது மூன்றாம் நம்பர். மற்ற மெஷின்கள் புதுசு, அரை மணி சும்மா கிடந்தாலும் பிகு பண்ணாமல் திரும்ப ஓடும். இது பழசு. உள்ளே உருகிய பிளாஸ்டிக் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் இறுகும், இறுகினால் அதைக் கிளப்புவதற்குள் உயிர் போய்விடும். அடுத்த ஷிஃப்ட்காரர்களின் பஸ் வந்து, கையெழுத்துப் போட்டு, உடை மாற்றி வர இரண்டரை ஆகும். ஆகவே முதல் ஷிஃப்டில் அதை ஓட்டுகிற அம்மா, எல்லோரும் அவரை மூணாம் நம்பர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், இரண்டு மணிக்குக் கிளம்பாமல் ஆள் வரும்வரை நின்று ஓட்டிக்கொண்டிருப்பார். ஒருநாள் இரண்டு நாள் அல்ல, ஆறு வருஷம். யாரும் சொல்லவில்லை. அவரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

அந்த அரை மணி மூடிகள் எல்லாம் அடுத்த ஷிஃப்டின் தொட்டியில்தான் விழும். அந்த ஷிஃப்டில் மூன்றாம் நம்பரை ஓட்டுகிற மனிதர், ஆரம்பிக்கும்போதே ஆயிரத்து இருநூறு முன்னிலையில் ஆரம்பிப்பார். ‘சிறந்த ஆபரேட்டர்’ சான்றிதழ் இரண்டு தடவை வாங்கி, கண்ணாடி போட்டு உடைமாற்றும் அறையில் மாட்டியிருந்தார். அவருக்குப் பெயர் ‘சாதனை’.

இதையெல்லாம் ஜன்னல் வழியாக நான் கட்டம் சாரிடம் சொல்லியிருக்கலாம் இல்லையா? சொல்லவில்லை. அவர் என்னிடம் கேட்டது “பாத்தீங்களா?” என்றுதான், “ஏன்?” என்று கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது ஸ்டோர் கீப்பர் வேலையில் வராது என்று நினைத்துக்கொண்டேன்.

அவரும் யாரையும் கேட்கவில்லை. தன் அறைக்கு இருபது அடி தூரத்தில் அந்த அம்மா நின்றுகொண்டிருக்கும்போது, கதவைச் சாத்திக்கொண்டு மூன்று நாள் ஆராய்ந்தார். ‘நேர வரம்புக்கு வெளியே நிகழும் உற்பத்தி: ஓர் ஆய்வு’. பதினேழு பக்கம். அதில் சராசரி இருந்தது, விலகல் இருந்தது, மழை நாளில் எத்தனை, வெயில் நாளில் எத்தனை என்றெல்லாம் இருந்தது. பதினேழாம் பக்கத்தில் முடிவு இருந்தது: யாருக்கும் தெரியாத நேரத்தில் செய்யப்படும் மூடி, யாருக்கும் தெரியாத வழியில் வெளியே போகக்கூடும். ஆகவே சோதனை தேவை.

எங்கள் மேனேஜர் எந்த அறிக்கையிலும் கடைசிப் பக்கத்தை மட்டும் படிப்பவர். படித்தார். கையெழுத்துப் போட்டார்.

வியாழக்கிழமை இரண்டே முக்காலுக்கு வாசலில் வாட்ச்மேன் அக்காவை நிறுத்தினார். முதல் ஷிஃப்ட்காரர்கள் எல்லோரும் மூன்று மணி பஸ்ஸுக்காக வெளியே போகிற நேரம். வாட்ச்மேன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“பையைக் கொஞ்சம் காட்டும்மா.”

“எதுக்குண்ணே?”

“என்னைக் கேக்காதே தாயி. சொல்லியிருக்காங்க.”

பக்கத்தில் கட்டம் சார் தாளோடு நின்றிருந்தார். அக்கா பையைத் தானே திறந்து மேஜைமேல் ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார். சாப்பாட்டு டப்பா, குடை, கண்ணாடிக் கடைக்குக் கொடுக்க வைத்திருந்த மாமியாரின் உடைந்த மூக்குக்கண்ணாடி. ஒரு தண்ணீர் பாட்டில். பாட்டிலைப் பார்த்ததும் கட்டம் சார் குனிந்தார்.

“இந்த மூடி?”

“தண்ணி பாட்டில் மூடி சார்.”

“நீலமா இருக்கே.”

“வாங்கும்போதே நீலம்தான் சார்.”

அளந்து பார்த்துத் தருகிறேன் என்று மூடியைக் கழற்றி ஒரு காகித உறையில் போட்டு, உறையின்மேல் நேரத்தை எழுதிக்கொண்டார். அக்கா திறந்த பாட்டிலைக் கையில் நேராகப் பிடித்துக்கொண்டு, சிந்தாமல், அத்தனை பேருக்கும் நடுவே நடந்து போனார். சாதனை அப்போதுதான் மெஷினை ஓடவிட்டுவிட்டு வந்து குடிநீர்க் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். பாத்திரம் நிரம்பி வழிந்தும் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் அங்கேதான் இருந்தேன். என் செருப்பு வாரை ரொம்ப நேரம் சரிசெய்துகொண்டிருந்தேன்.

மறுநாள் அறிவிப்புப் பலகையில் மேனேஜர் கையெழுத்தோடு ஒரு தாள். ‘அனுமதிக்கப்பட்ட ஷிஃப்ட் நேரத்துக்கு வெளியே எந்த மெஷினும் இயங்கக் கூடாது.’ அக்கா அதை நின்று படித்தார். பிறகு போய் வேலையைப் பார்த்தார். சரியாக இரண்டு மணிக்கு மெஷினை நிறுத்தினார். மோட்டாரை மட்டுமல்ல, சூடு தருகிற ஹீட்டரையும்தான். ஜன்னலில் எட்டிப் பார்த்தேன்.

“என்னம்மா, ஹீட்டரையுமா?”

“எந்த மெஷினும் ஓடக் கூடாதுன்னு போட்டிருக்கே அண்ணே. எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும்.”

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு இரண்டு அடித்ததிலிருந்து மீட்டரில் பூஜ்யம். கட்டம் சார் அந்த வெறும் கட்டத்தை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போய்க் காட்டினார். பெண்ணைக் கரைசேர்த்த அப்பா மாதிரி ஒரு நிம்மதி அந்த முகத்தில். கேன்டீனில் தன் செலவில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டரைக்குச் சாதனை வந்து பட்டனை அழுத்தினார். மெஷின் ஒரு தடவை முனகியது. அவ்வளவுதான். இன்னொரு தடவை அழுத்தினார், முனகலும் இல்லை. பயந்துபோய் ஹீட்டரை ஒரேயடியாக உச்சத்துக்கு ஏற்றினார். பத்து நிமிஷத்தில் மூக்கைத் துளைக்கிற தீய்ந்த நாற்றம். உள்ளே ஒரு பக்கம் கல், ஒரு பக்கம் கரி.

அதே நேரத்தில் வாசலில் லாரி நின்றது. இருமல் மருந்து செய்கிற கம்பெனியின் லாரி. அவர்களுக்கான மூடி அச்சு மூன்றாம் நம்பரில் மட்டும்தான் உண்டு. கடைசித் தவணைக்கு இன்னும் நாலாயிரம் மூடி பாக்கி. அவர்கள் ஆள் போனில் மேனேஜரிடம் சொன்னது பக்கத்து அறை வரை கேட்டது: மருந்தை ஊற்றிய பாட்டில்கள் திறந்தபடி நிற்கின்றன, மூடி இன்றைக்கு வராவிட்டால் இனிமேல் எப்போதும் வேண்டாம். அந்தக் கம்பெனி போனால் எங்களில் பாதிப் பேர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மேனேஜர் ஓடிவந்தார்.

“யாரு இதை நிறுத்தச் சொன்னது?”

“நீங்கதான் சார் கையெழுத்துப் போட்டீங்க” என்றார் கட்டம் சார், தேதியையும் நேரத்தையும் சேர்த்து.

மேனேஜர் சாதனையைப் பார்த்தார். “நீ ரெண்டு தடவை சர்டிபிகேட் வாங்கின ஆளாச்சே. கிளப்பு!”

சாதனை கைகளைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே திரும்பத் துடைத்தார்.

“எனக்குத் தெரியாது சார். இது ஓடிக்கிட்டிருந்தா எனக்கு ஓட்டத் தெரியும். நான் வர்றப்ப எப்பவுமே ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். அக்கா அரை மணி நேரம் நின்னு ஓட்டிவெச்சிட்டுத்தான் போவாங்க. அந்த மூடியெல்லாம் என் கணக்குலதான் விழுந்துச்சு. நான் சொல்லல.”

கட்டம் சார் தாளைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். பதினேழு பக்கத்தில் இந்த ஒரு வரி எங்குமே இல்லை.

“போங்க. போய் அந்தம்மாவைக் கூட்டிட்டு வாங்க” என்றார் மேனேஜர்.

கட்டம் சார் தனியாகப் போகப் பயந்து என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அக்கா பஸ் நிறுத்தத்தில் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்று மணி பஸ் வர இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. கட்டம் சார் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னார். அக்கா பொறுமையாகக் கேட்டார்.

“என் ஷிஃப்ட் முடிஞ்சு போச்சே சார். இப்ப நான் வந்து செஞ்சா அதை எந்தக் கட்டத்துல போடுவீங்க?”

கட்டம் சார் உண்மையாகவே யோசித்தார். நான் அவர் காலை மிதித்தேன்.

“நான் வர்றேன்” என்றார் அக்கா. “அந்த லாரி சும்மா போனா நாளைக்கு உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. எங்களுக்குத்தான் ஆகும். ஆனா ஒண்ணு. என் பையை அத்தனை பேர் முன்னாடி திறக்க வெச்சது தப்புன்னு எழுதிக் கொடுங்க. அந்த அறிவிப்பு ஒட்டின பலகையிலேயே ஒட்டணும்.”

கட்டம் சாருக்கு எழுதுவது கஷ்டமா? உடனே பேனாவை எடுத்து, என் முதுகைப் பலகையாக்கி எழுதினார். வாசித்தார்: “மேற்படி நாளில் மேற்படி ஊழியரின் பையில் ஐயத்துக்கு இடமான பொருள் எதுவும் காணப்படவில்லை என்று இதன்மூலம்...”

“நான் படிச்சது பத்தாவது சார். எனக்குப் புரியற மாதிரி எழுதுங்க.”

அடித்துவிட்டு மறுபடி எழுதினார். “சோதனை நடைமுறையில் சில குறைபாடுகள்...”

“யாரோட குறைபாடு?”

என் முதுகில் பேனா நின்றுவிட்டது. ரொம்ப நேரம் நின்றது. சட்டை வழியே அந்த முனை குத்துவதை நான் உணர்ந்தேன். தூரத்தில் பஸ் திரும்புவது தெரிந்தது. பிறகு பேனா மெல்ல நகர்ந்தது. சின்னப் பையன் வாய்பாடு எழுதுகிற வேகம். அவர் நீட்டிய தாளில் ஒரே வரி இருந்தது: ‘நான் உங்கள் பையைத் திறக்க வைத்தது தப்பு.’

நேரம் போடவில்லை. தேதியும் போடவில்லை. கீழே கட்டமும் இல்லை.

அக்கா அதை நாலாக மடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டார். பஸ் வந்து நின்றது; கண்டக்டர் பார்த்தார்; போகலாம் என்று அக்கா கையைக் காட்டினார். கட்டம் சார் சட்டைப் பையிலிருந்து காகித உறையை எடுத்து நீல மூடியைக் கொடுத்தார். “இது நம்ம அளவு இல்ல” என்று ஆரம்பித்தவர், நல்ல வேளை, நிறுத்திக்கொண்டார்.

மெஷினுக்கு முன்னால் அக்கா அவசரமே படவில்லை. சூட்டை அடிமட்டத்துக்கு இறக்கி, ஒவ்வொரு பகுதியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். நடுநடுவே காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டார். சாதனை ஸ்பானரை எடுத்துக் கொடுத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். முதலில் கரிக்கட்டியாக வந்தது, பிறகு மஞ்சளாக நூல் நூலாக வந்தது, பிறகு கொழகொழவென்று வெள்ளையாக வந்தது. ஐந்து மணிக்கு மெஷின் வாயைத் திறந்து எட்டு மூடிகளைத் துப்பியது. எட்டும் பளிச்சென்று இருந்தன. மேனேஜர் கைதட்டினார், வேறு யாரும் தட்டாததால் நிறுத்திக்கொண்டார். எத்தனை மணி ஆனாலும் காத்திருப்பேன் என்று லாரி டிரைவர் கேன்டீனிலேயே படுத்துவிட்டார். ஏழு மணிக்குள் சரக்கை ஏற்றி அனுப்பிவிட்டோம்.

அடுத்த வாரமே பஸ்ஸை அரை மணி முன்னால் வரச்சொல்லி, இரண்டாம் ஷிஃப்டை இரண்டு மணிக்கே ஆரம்பித்தார்கள். அக்கா இப்போது இரண்டு அடித்ததும் கிளம்பிவிடுகிறார். தாமதமாகவாவது அவருக்கு ஆபரேட்டர்களுக்குப் பயிற்சி தருகிற பொறுப்பும் வந்தது. சாதனைதான் முதல் மாணவர். அவர் தன் சான்றிதழ்களைச் சுவரிலிருந்து கழற்றினார். இரண்டையும் அல்ல, ஒன்றை. மனிதர்தானே.

கட்டம் சாரின் அந்த ஒரு வரி பலகையில் ஏழு நாள் இருந்தது. அவரும் தினமும் அதைத் தாண்டித்தான் அறைக்குப் போனார். ஒருநாளும் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். திருந்திவிட்டார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். மூன்றாவது வாரம் ஜன்னலில் மறுபடி அதே முகம்.

“சனிக்கிழமை தோட்டக்காரருக்கு லீவு. ஆனா வாசல்ல செடிக்கெல்லாம் யாரோ தண்ணி ஊத்தியிருக்காங்க.”

“வாட்ச்மேன்தான் ஊத்துறார். வாடிப்போகுதேன்னு. விடுங்க சகலை” என்றேன். தொழிற்சாலைக்குள் அவரை நான் சகலை என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, எடுத்த பேனாவை மூடிக்கொண்டு போனார். இது ஒரு முன்னேற்றம்தான் என்று என் மனைவி சொல்கிறாள்.

சிரித்துவிட்டீர்களா? நானும் சிரித்துக்கொண்டுதான் அன்றைக்கு வீட்டுக்குப் போனேன். போனால், வருஷக்கணக்காக நான் குவித்துவைத்திருந்த பழைய பேப்பர், ரசீது, கடிதம் எல்லாவற்றையும் என் மனைவி பிரித்து, அடுக்கி, கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தாள். முழுப் பகலும் போயிருக்கும். மூக்கின்மேல் தூசி. நான் வாசலிலேயே நின்று முழங்கினேன்: “யாரு உன்னை இதெல்லாம் பண்ணச் சொன்னது?”

அவள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று நாள் ஒன்றும் சொல்லவில்லை.

உங்களுக்கு இந்த வியாதி இல்லை என்று நினைக்கிறீர்கள். சந்தோஷம். உங்கள் வீட்டிலும் யாராவது, இன்றைக்கோ நாளைக்கோ, உங்களைக் கேட்காமல் உங்களுக்காக எதையாவது செய்து வைத்திருப்பார்கள். அதைப் பார்த்ததும் உங்கள் வாய் ‘யா’ என்று திறந்தால், தயவுசெய்து அப்படியே மூடிக்கொள்ளுங்கள்.